முபாரக் பாய் செய்த பெட்டி

உத்திரமேரூர் பஜார் வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த முபாரக்குக்கு, கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. மிக்ஸி, மேசை விசிறி, டேப் ரிக்கார்டர், ஒருமுறை மாமியார் வீட்டுச் சுவர்க்கடிகாரம். கழற்றுகிற வரைக்கும் அவர் சூரர்தான். திரும்பப் பூட்டும்போது மட்டும் இரண்டு மூன்று திருகாணி மிஞ்சிவிடும். மிஞ்சியதையெல்லாம் ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "இந்த டப்பா ரொம்பிச்சுன்னா ஒரு பிளேனே செஞ்சிடலாம்" என்று அவர் மனைவி உம்முல் குல்சும் விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டுவாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். முபாரக்கும் கூடச் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு உள்ளே இறங்காது.

பன்னிரண்டாவதில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவர் அவர். தகப்பனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே கடைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். தம்பி ஷகீல் மட்டும் டிப்ளமா முடித்து சவூதியில் தம்மாமுக்குப் போய்விட்டான். அக்காவைக் கட்டிய அத்தாவுல்லாவுக்குச் சென்னையில் ஏசி ரூமில் வேலை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து, பிரியாணி வாசனையோடு, "இன்னா மாப்ள, அண்டா குண்டால்லாம் சவுக்கியமா?" என்று கேட்பார். நாற்பதைத் தொடப்போகிற மனிதனுக்கு அந்த ஒரு கேள்வி ஒவ்வொரு வருஷமும் முள்ளாய்க் குத்தியது. தனக்கும் ஏதோ ஒன்று தெரியும் என்று ஊர் ஒரு தடவை சொல்ல வேண்டும். முபாரக் உலகத்தில் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், 2006 வாக்கில், அவர் வீட்டிலும் ஒன்று போட்டார்கள். கீழே கடைக் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர். மாடியில் ஷகீலின் மனைவி ஃபர்ஹானாவிடம் ஒரு கம்ப்யூட்டர். தம்மாமில் இருக்கிற புருஷனோடு அவள் பேசுவது அதில்தான். ஆனால் வந்த மோடம் ஒன்று, அது ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் உழைக்கும். வெள்ளிக்கிழமை ஷகீலுக்கு லீவு என்பதால் அன்றைக்கு மோடத்தைத் துண்டில் சுற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மற்ற நாளில் ஃபர்ஹானா கேட்டால் உம்முல் குல்சும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உம்முல் குல்சும் கேட்டால் ஃபர்ஹானாவுக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு சோப்புக்கட்டி அளவு பெட்டிக்காக ஓரகத்திகள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு.

இந்தச் சமயத்தில்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. ஏனாத்தூர் பக்கத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தவர், பழைய பித்தளையோடு இதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்டதாம். "இதுலயும் இரும்பு கீதே பாய், எடைக்குப் போட்டுக்குங்க" என்றார். முபாரக் தராசில் வைத்து எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தூசும், ஒரு செத்த பல்லியும், அவருக்குப் பெயர் தெரியாத பச்சைத் தகடுகளும் இருந்தன.

அந்தக் கடையில் சனிக்கிழமைதோறும் பெயர் வெட்ட ஒரு பெண் வருவாள். எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் மொய்க்கு ஆகாது. குடமோ தட்டோ, கொடுக்கிறவர் பெயரை விளிம்பில் வெட்டித்தான் கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். சின்ன மெஷின் ஒன்றைப் பேனா மாதிரி பிடித்து, அந்தப் பெண் தேவயானி வெட்டுகிற எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் அப்பா இருசப்பன் சாலவாக்கம் ரோட்டுக் காலனிக்காரர். சொந்தமாகச் சாண் நிலம் கிடையாது. நடவு, அறுப்பு நாட்களில் கழனிவேலை, மற்ற நாட்களில் முபாரக் கடைக்கு வருகிற லாரியில் மூட்டை இறக்குவார். தேவயானி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

பெயர் வெட்டிக்கொண்டிருந்தவள் அந்தத் திறந்த பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"பாய், இத்த இரும்புக்கா போடப் போறீங்க?"

"செத்துப்போன பெட்டிம்மா. மானிட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல."

"மானிட்டர் எதுக்கு பாய்? இத்த மோடத்துக்குப் பக்கத்துல வச்சா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு நெட்ட பிரிச்சுக் குடுக்கும். நீங்க மாடி ஏறி எறங்கவே வேணாம்."

"பிரிச்சுக் குடுக்குமா?"

"ஏரியில மதகு கீதுல்ல? அந்த மாதிரி. வர்றது ஒரே தண்ணிதான், எந்தெந்த வாய்க்காலுக்கு எவ்ளோன்னு இது தொறந்து வுடும்."

முபாரக்குக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் யாரும் அவருக்கு எதையும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைகள் அவர் வாழ்க்கையிலேயே நல்ல சனிக்கிழமைகள். சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ரிச்சி தெருவில் அலைந்து நெட்வொர்க் கார்டு ஒன்றும், நீல வயரும், வயர்களையெல்லாம் சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தார். தேவயானி யாரிடமோ கேட்டு வாங்கி ஒரு ஃப்ளாப்பியில் அதற்கான சமாச்சாரத்தை ஏற்றி எடுத்து வந்தாள். ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லையாம், அந்த ஒரு ஃப்ளாப்பி போதுமாம். அவள் தட்டினாள், அழித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள், மறுபடி தட்டினாள். முபாரக் டார்ச் பிடித்தார். சுவரில் துளை போட்டார். ஜன்னல் வழியாக மாடிக்கு வயர் இழுத்து ஆணி அடித்தார். கடைசியில், கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து மாட்டியிருந்த மானிட்டரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்து சுவிட்சைப் போட்டார்கள். ஃப்ளாப்பி கரகரவென்று உறுமியது. கொஞ்ச நேரம் கழித்து 'பீப்' என்று ஒரு சத்தம். மாடியிலிருந்து ஃபர்ஹானா "வந்துடுச்சி!" என்று கத்தினாள், கீழே உம்முல் குல்சும் "இங்கயும் வந்துடுச்சி!" என்று கத்தினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஓரகத்திகள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். முபாரக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்ரீத் வந்தது, அத்தாவுல்லாவும் வந்தார். சாப்பிட்டு ஏப்பம் விட்டபடி உலாத்திக்கொண்டிருந்தவர், மாடிப்படிக்கு அடியில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். குனிந்து வயர்களைத் தடவிப் பார்த்தார்.

"இது ரவுட்டரா? பழைய சிஸ்டத்துல பண்ணிக்கீது! எங்க ஆபீசுலயே இத்தப் பண்ணத் தெரியாம கம்பெனி ஆளக் கூப்ட்டாங்க. யாரு மாப்ள வந்து செஞ்சாங்க?"

நியாயமான பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அத்தாவுல்லாவின் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை முபாரக் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"நான்தான் மச்சான் செஞ்சேன்."

சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. வாசல் பக்கம் தேவயானி நின்றுகொண்டிருந்தாள். பெருநாள் பிரியாணி வாங்கிப் போக உம்முல் குல்சும்தான் வரச் சொல்லியிருந்தாள். கையில் தூக்குப்பாத்திரம்.

"அடேங்கப்பா!" அத்தாவுல்லா அவர் தோளில் தட்டினார். "இத்தினி நாளா அண்டாவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தியா? மாப்ள, இதுல உன் பேர வெட்டி வை. நாளைக்கு எவனாவது வந்து நான் செஞ்சேன்னு சொல்லிக்கப் போறான்." வாசலில் நின்றவளைப் பார்த்தார். "ஏம்மா, நீதான கடையில பேரு வெட்டற பொண்ணு? பாய் பேர இதுல வெட்டிடும்மா."

தேவயானி முபாரக்கைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்குத் தப்பிக்க வழி இருந்திருக்கும். வெறுமனே, இப்போது இவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் பார்வை அது. 'மச்சான், சும்மா தமாஷுக்குச் சொன்னேன், செஞ்சது இந்தப் பொண்ணுதான்' என்று சொல்ல அவ்வளவு இடம் இருந்தது. சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"இனிஷியலோட வெட்டும்மா" என்றார் முபாரக்.

இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று பிறகு அவர் நினைத்து நினைத்துக் குமைந்ததுண்டு. பேச்சு மும்முரத்தில் ஏதோ உளறினோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் முடியாது. இனிஷியல் வரைக்கும் நிதானமாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவள் அந்தப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மடியில் வைத்து, கே. முபாரக் என்று வெட்டினாள். எழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது. தூளை ஊதிவிட்டு, தகட்டைத் திரும்பப் பூட்டி, திருகாணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் முடுக்கிவிட்டு, "வரேன் பாய்" என்று சொல்லிப் போனாள். முபாரக் கல்லாவில் உட்கார்ந்து ஈயம் பூசிய சட்டி ஒன்றைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தாவுல்லாவின் வாய் லேசுப்பட்டதா? ஊருக்குக் கிளம்புவதற்குள் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பலசரக்குக்காரர் சொன்னார், டெய்லர் சொன்னார், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்கிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். அண்டா பாய் நெட்டு பாய் ஆனார். அவர் பத்து வருஷமாக ஏங்கிய பெயர்தான். அது வந்ததும் சோறு இறங்கவில்லை. யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றினார். இருசப்பன் மூட்டை இறக்குகிற நாட்களில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையைவிட்டு வெளியே போனார். தேவயானிக்கு நல்ல எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "எதுக்கு பாய்?" என்று கேட்டாள். "சும்மாதாம்மா" என்றார். அவள் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதோடு போயிருந்தால்கூட, காலப்போக்கில் அவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு நிம்மதியாகியிருப்பார். மனுஷனுக்கு அது கைவந்த கலைதானே. தாமோதரன் கடைக்கு வந்ததால் அது நடக்காமல் போனது.

தாமோதரன் அங்கிருந்த உதவிபெறும் பள்ளிக்கூடம் ஒன்றின் தாளாளர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எதையும் மேடையில் பேசுகிற குரலிலேயே பேசுவார். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு நாலைந்து கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். நெட்டும் போட்டாகிவிட்டது. ஆனால் ஒன்றில்தான் வருகிறது.

"நீங்க வூட்ல பண்ண மாரியே நம்ம புள்ளைங்களுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க பாய். ஸ்டோர் ரூம்ல பழைய பொட்டி ஒண்ணு கீது. ஆண்டு விழா அன்னைக்கு எல்லாத்துலயும் நெட்டு ஓடணும். மேடையில உங்களுக்குப் பொன்னாட போத்தறோம். உங்க மச்சானுக்கும் பத்திரிக அனுப்பிட்டேன்."

மறுக்கக் காரணம் தேடினார். எதைச் சொன்னாலும் உண்மையைச் சொல்வதில்தான் போய் முடிந்தது. "அதுக்கென்ன சார், பண்ணிடலாம்" என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் வரை நாளைக் கடத்தினார். அன்றைக்கு, வீட்டுப் பெட்டியிலிருந்த ஃப்ளாப்பியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். சாமர்த்தியம் எல்லாம் அந்த ஃப்ளாப்பியில்தானே இருக்கிறது, அதை இந்தப் பெட்டியில் செருகினால் இதுவும் ஓடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கிலும் ஃபெயில்தான். பெட்டி உறுமியது, 'பீப்' சத்தமும் வந்தது, ஆனால் ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை. வயரை மாற்றிச் செருகினார். ஊதிச் செருகினார். பிஸ்மில்லா சொல்லிச் செருகினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. வெளியே மைதானத்தில் பந்தல்காரர்கள் மூங்கில் நடுகிற சத்தம். ஒவ்வொரு அடியும் தன் தலையில் விழுவதுபோல் இருந்தது.

டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சாலவாக்கம் ரோட்டுக் காலனிக்குப் போனார். இருசப்பன் தன் கடைக்கு வர ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் வீடு எது என்று முபாரக்குக்குத் தெரியாது. விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது. அதுவே ஒரு வெட்கம். தேவயானியின் அம்மா மங்கம்மா நடவுக்குப் போய்த் திரும்பி, காலில் சேறு காயாமல் நின்றிருந்தாள். பதறிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து போட்டாள்.

"அவரு கழனிக்குப் போயிருக்காரு பாய். கடையில எதுனா அவசரமா?"

"இல்ல, பாப்பாகிட்ட ஒரு சின்ன விஷயம்…"

தேவயானி வெளியே வந்தாள். முபாரக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஸ்கூல்ல அந்தப் பெட்டி… நான் போட்டுப் பாத்தேன். பீப்புனு சத்தம் வருது. ஆனா…"

"வூட்டு ஃப்ளாப்பியவே போட்டீங்களா?" என்றாள்.

தலையாட்டினார்.

"அங்க கீற கார்டு வேற பாய். அது பேர இந்த ஃப்ளாப்பிக்குத் தெரியாது. இருங்க, அங்கயே வந்து வேற ஒண்ணு ரெடி பண்ணித் தரேன்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே வந்தாள்.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது தாமோதரன் எட்டிப் பார்த்தார். முபாரக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். "இன்னா பாய், நீங்க நிக்கிறீங்க, பொண்ணு வேல செய்யுது?" என்று கேட்டார்.

முபாரக் வாயைத் திறப்பதற்குள் தேவயானியே சொன்னாள். "பாய் சொல்லித் தராரு சார். நான் தட்டறேன்."

"நல்லா கத்துக்கம்மா. இந்த மாரி ஆளு கெடைக்க மாட்டாங்க" என்று ஆசீர்வாதம் மாதிரிச் சொல்லிவிட்டு அவர் போனார்.

முபாரக்குக்குக் காது மடல் எரிந்தது. "எதுக்கும்மா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது பாய்? நீங்கதான் பண்ணீங்கன்னு ஊரே சொல்லிக்கினு கீது. இல்ல, நான்தான்னு சொல்லிட்டு, அப்புறம் எங்கப்பா உங்க கடையில மூட்ட எறக்கணுமா வேணாமா?"

"நான் அப்டிப்பட்ட ஆளாம்மா?"

"தெரியாது பாய்" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லிவிட்டாள். தராசில் எதை வைத்து எடை பார்த்தாலும் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று முபாரக்குக்குத் தோன்றியது. இனிஷியலோடு வெட்டச் சொன்ன ஆளைப் பற்றி அவள் வேறு என்ன தெரிந்து வைத்திருக்க முடியும்? கொஞ்ச நேரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் நெட் வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மேடையில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். ஊர் முன்னால், மச்சான் முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது. மானம் போனால் போகட்டும், வைத்துக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டோம். விழா நாளன்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். கடை திறக்கும்போது சொல்லிப் பார்த்தார். ஒத்திகையில் வார்த்தை தடுமாறவே இல்லை.

சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அத்தாவுல்லா இஸ்திரி மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். தேவயானி கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். விருந்தினர்கள் வந்து பார்க்கும்போது பெட்டி மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள தாமோதரன்தான் இருக்கச் சொல்லியிருந்தார். மேடையிலிருந்து பார்த்தால் அந்த அறையின் கதவு தெரிந்தது.

முபாரக் தன் ஒத்திகையில் சேர்க்க மறந்த சங்கதி ஒன்று இருந்தது. நம் ஊர் மேடைகளில் பொன்னாடை வாங்குகிறவன் பேச வேண்டியதற்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் ரைஸ்மில்காரருக்குப் போர்த்தினார்கள். குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். "இது நான் கட்டினதில்ல, ஆண்டவன் கட்டினது" என்றார். கைதட்டல். அடுத்து பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர். "எனக்கு இந்தத் தகுதியே கெடையாது, எல்லாப் புகழும் எங்க சம்சாரத்துக்கே" என்றார். இன்னும் பலத்த கைதட்டல்.

மூன்றாவதாக முபாரக். தாமோதரன் போர்த்திய பொன்னாடை சரசரவென்று கழுத்தில் குத்தியது. மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பொன்னாட எனக்குச் சேர வேண்டியதில்ல" என்றார்.

கூட்டம் கைதட்டியது.

"இருங்க. இந்தப் பெட்டிய நான் செய்யல. என் வூட்ல கீறதும் நான் செஞ்சது இல்ல. எல்லாம் இருசப்பன் பொண்ணு தேவயானி செஞ்சது."

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. யாரோ விசிலடித்தார்கள். கம்ப்யூட்டர் அறை வாசலுக்குத் தேவயானி வந்து நிற்பது தெரிந்தது.

"நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பொய் சொன்னேன்" என்று முபாரக் கத்தினார். குரல் உடைந்துவிட்டது.

தாமோதரன் தழுதழுத்துப்போய் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் அடக்கம்! நேத்து என் கண்ணால பாத்தேன், பக்கத்துல நின்னு அந்தப் பொண்ணுக்கு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்துக்கினு இருந்தாரு. கூலிக்காரர் பொண்ணுன்னு பாக்காம கத்துக் குடுத்து, இன்னைக்குப் பேரையும் அந்தப் பொண்ணுக்கே குடுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

முன்வரிசையில் அத்தாவுல்லா எழுந்து நின்று கைதட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். அவரைப் பார்த்து அந்த வரிசையே எழுந்தது. முபாரக் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேவயானி உள்ளே போய்விட்டிருந்தாள்.

மேடையிலிருந்து எப்படி இறங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினவர்களை விலக்கிக்கொண்டு மைதானத்தின் பின்பக்கம் வந்தார். அங்கே வாடகை நாற்காலி இறக்கிய வண்டிக்குப் பக்கத்தில் இருசப்பன் நின்றிருந்தார். நாற்காலி இறக்கும் வேலைக்கு வந்தவர் விழா முடிந்து ஏற்றுவதற்காகக் காத்திருந்தார். முபாரக்கைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பாய், எம் பொண்ணு பேர மைக்குல சொன்னீங்களே. எங்க சனத்துல யாரு பேரும் இந்த மாரி மைக்குல வந்ததில்ல பாய்."

"இருசப்பா, நான் சொன்னது அத்தினியும் நெஜம். அவதான் செஞ்சா. நான்தான் என் பேர போட்டுக்குனேன்."

இருசப்பன் வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தார். "நீங்க அப்டித்தான் சொல்லுவீங்க. பாப்பா வூட்ல எல்லாம் சொல்லிக்கினுதான் இருக்கும். பாய் கடைக்குப் போவலன்னா எனக்கு ஒண்ணியும் தெரிஞ்சிருக்காது நைனா, எல்லாம் அவரு கத்துக் குட்ததுன்னு."

"அப்டியா சொல்லுச்சு?"

"ஆமா பாய். மூட்ட எறக்கற எடத்துல மூஞ்சத் தூக்கி வச்சிக்காத, அவரு நம்மளுக்குச் செய்யறவருன்னு என்னியவே திட்டும்."

பெற்ற தகப்பனிடம்கூட அந்தப் பெண் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கடையில் அப்பா தலை நிமிர்ந்து வேலை செய்ய மாட்டார் என்று மறைத்து வைத்திருக்கிறாள். முபாரக் பொன்னாடையைக் கழற்றி இருசப்பன் தோளில் போடக் கையைக் கொண்டுபோனார்.

"ஐயோ, வேணாம் பாய்" என்று இருசப்பன் பின்வாங்கினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. முபாரக் என்ன ஏது என்று உணர்ந்து தடுப்பதற்குள் இருசப்பன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.